நெடுந்தீவில் விடுமுறை வீடு: தண்ணீரை எண்ணிவிட்டுக் கட்டில் போடுங்கள்

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலுக்குள் இருக்கும் நெடுந்தீவில் பரம்பரைக் காணி சும்மா கிடக்கிறது, அதில் குசினியோடு சேர்ந்த இரண்டு மூன்று சிறு வீடுகளைக் கட்டி நாள் வாடகைக்கு விடலாமா என்று கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். விடலாம். காலைப் படகில் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வந்து, பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை, கட்டாக்காலிக் குதிரைகள் எல்லாவற்றையும் அரக்கப்பரக்கப் பார்த்துவிட்டுப் பிற்பகல் படகுக்கு ஓடுகிறவர்கள் தீவில் விட்டுப்போவது கொஞ்சம் ஓட்டோக் காசும் நிறைய வெறும் போத்தலும்தான். இரண்டு இரவு தங்குகிறவர் மீன் வாங்குவார், பால் வாங்குவார், பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒடியல் கூழ் சொல்லிவைத்துக் குடிப்பார். அதனால் தங்குமிடம் தீவுக்கு நல்லதுதான். ஆனால் எத்தனை அறை என்பதில் தொடங்கினால் மூன்றாம் வருடமே கிணறு உவராகிவிடும், உங்களுடையது மட்டுமல்ல, வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவருடையதும்.

எனவே தண்ணீரிலிருந்து தொடங்குவோம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். ஆறு இல்லை, மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, கீழே சுண்ணக்கல். மாரியில் விழும் மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி, அடியில் ஊறி நிற்கும் கடல் நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது, ஏனென்றால் நன்னீர் உப்புநீரை விடப் பாரம் குறைந்தது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால் கீழே சுமார் 40 அடி வரை உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர் சொல்லும் கணக்கு. திருப்பிப் பாருங்கள், பெரிய மோட்டரைப் போட்டு மேலே ஓரடியை இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு எத்தனை அடி ஏறும்! அப்படி ஒருமுறை ஏறிய உப்பு அடுத்த மாரிக்கும் முழுதாக இறங்காமல் போகலாம்.

இதற்குச் செய்ய வேண்டியது, குதிரைவலு கூடிய மோட்டரை மறந்துவிட்டு, சூரிய ஒளியில் ஓடும் சிறிய பம்பைப் போட்டுப் பகல் முழுக்க மெதுவாக மேல்தாங்கிக்கு ஏற்றுவது. கிணற்றைத் தோண்டும்போதும் ஆழமாக ஒன்றைத் தோண்டாமல், ஆழங்குறைந்த இரண்டைத் தள்ளித்தள்ளித் தோண்டி மாறி மாறி எடுங்கள். ஆழ்துளைக் கிணறு வேண்டவே வேண்டாம், அது நேராக உப்புக்குள் போய் நிற்கும். கையடக்க உப்பு மானி ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை கிணற்று நீரை அளந்து கொப்பியில் எழுதுங்கள். ஒரு லீற்றரில் கரைந்திருக்கும் உப்புக்கள் 1000 மில்லிகிராமைத் தாண்டினால் வாய்க்கே தெரியும், ஆனால் 600, 700 என்று ஏறிக்கொண்டு போகும்போதே இறைப்பைக் குறைத்துவிட்டால் வாய்க்குத் தெரிகிற அளவுக்கு விடத் தேவையில்லை.

இப்போது கூரை. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். உங்கள் வீடுகளின் கூரை எல்லாம் சேர்த்து 100 சதுர மீற்றர், வருட மழையைப் பயந்து குறைத்து 750 மில்லிமீற்றர், அதில் ஐந்தில் ஒரு பங்கு தெறித்தும் வழிந்தும் போய்விடும் என்று வைத்தாலும் 60,000 லீற்றர் கிடைக்கிறது. ஒரு விருந்தாளிக்கு நாளுக்கு 80 லீற்றர் என்றால் எட்டுப் பேருக்கு 640. கூரைத் தண்ணீர் மட்டுமே மூன்று மாதம் தாங்கும். அவ்வளவையும் சேர்த்து வைக்கத் தாங்கி கட்டுவது பெருஞ்செலவு, அதனால் நான் சொல்வது வேறு வழி: மழைத் தண்ணீர் வாய்க்கு, கிணற்றுத் தண்ணீர் மேலுக்கு, உவர்த் தண்ணீர் மலசலகூடத்துக்கு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லீற்றர் போதும், எட்டுப் பேருக்கு 80, மழையில்லாத ஆறு மாதத்துக்கு 14,400. ஆக 15,000 லீற்றர் சீமெந்துத் தாங்கி ஒன்று இருந்தால் கோடை முழுக்க ஒரு போத்தல் தண்ணீரும் படகில் வரத் தேவையில்லை.

தாங்கியில் கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஓலைக் கூரையில் விழும் தண்ணீர் பழுப்பாக, மணத்தோடு வரும், அது குடிக்க உதவாது. விறாந்தைக்கு ஓலை போடுங்கள், அந்தக் குளிர்ச்சி எதிலும் வராது, ஆனால் பீலி கட்டித் தண்ணீர் பிடிக்கும் பகுதிக்கு ஓடு போட வேண்டும். மாரியின் முதல் மழை கூரையில் ஆறு மாதமாகப் படிந்த தூசியையும் காக எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும், அதில் குறைந்தது 100 லீற்றராவது வெளியே போகும்படி பீலிக் குழாயில் ஒரு மடை வையுங்கள். தாங்கியின் வாயும் வழிகுழாயும் நுண்வலையால் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுளம்புப் பண்ணைதான், டெங்கு யாழ்ப்பாணப் பக்கத்தில் கூடுவதும் இதே மாரியில்தான். குடிக்கக் கொடுக்கும் தண்ணீரை வடித்துக் கொதிக்கவைத்து மண்பானையில் ஊற்றி ஒவ்வொரு வீட்டிலும் வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வீடு உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ இயந்திரம் பூட்டலாமே என்பார்கள். அந்தச் சிறிய இயந்திரம் ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று லீற்றரைக் கழிவாகத் தள்ளும், அந்தக் கழிவு முன்னிருந்ததை விட உப்பானது, அதைக் கொட்ட உங்கள் வளவைத் தவிர இடமில்லை.

கட்டுமானம்

கரையோரக் காணி என்றால் முதலில் ஒன்று. கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை சட்டப்படி கரையோர வலயம், அங்கே கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதி வேண்டும். பிரதேச சபை அனுமதி எப்படியும் வேண்டும். தீவின் ஒரு பகுதி 2015 முதல் தேசியப் பூங்கா, உங்கள் காணி எந்தப் பக்கம் என்பதைப் பிரதேச செயலகத்தில் பார்த்துவிடுங்கள். தங்குமிடமாக நடத்தச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையிலும் பதிய வேண்டும், அதை வீடு கட்டி முடிந்த பிறகு யோசிக்காமல் அவர்கள் கேட்கும் அளவுகளை முன்கூட்டியே வாங்கி வரைபடத்தில் சேர்த்துவிட்டால் சுவரை இடித்துத் திரும்பக் கட்ட வேண்டி வராது.

முருகைக்கல்லை அடுக்கிய பழைய வேலிகள்தான் இந்தத் தீவின் முகம். அத்திவாரத்துக்குக் கல் கிடைக்கிறதே என்று அதை உடைக்காதீர்கள். விழுந்த இடத்தில் அதே கல்லை எடுத்து அடுக்கத் தெரிந்த பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலி கொடுத்து வேலியைத் திருத்துங்கள். கடலிலிருந்து புதிதாக முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். சீமெந்து, ஓடு, கம்பி எல்லாம் படகில்தான் வரும், ஒவ்வொரு மூடைக்கும் ஏற்றுகூலி இறக்குகூலி உண்டு, ஆகவே சின்னதாகக் கட்டுவது சூழலுக்கும் நல்லது கைக்கும் நல்லது. கூரைக்கு வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை போட்டால் உப்புக் காற்றுக்கு இரும்பை விட நன்றாகத் தாங்கும். பனையை வெட்ட அனுமதி எடுக்க வேண்டும் என்பதால், யாழ்ப்பாணத்தில் பழைய வீடுகள் பிரிக்கும் இடங்களில் விசாரித்துப் பாருங்கள், நல்ல சிலாகை கிடைக்கும். கதவுப் பிணைச்சல், திருகாணி போன்ற சிறு சாமான்களில்தான் ஆட்கள் காசை மிச்சம் பிடிக்கிறார்கள், அது தவறு. 316 தரத் துருவேறா எஃகு வாங்குங்கள், மற்றது இரண்டு சோழகக் காற்றுக் காலத்தில் பொருக்காகிவிடும்.

யன்னல் வைக்கும்போது காற்றை யோசியுங்கள். வைகாசி முதல் ஆவணி, புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து சோழகம், மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை. இந்த இரண்டு முகத்துக்கும் எதிரெதிராக யன்னல் இருந்தால் குளிரூட்டி தேவைப்படாது. நான் குளிரூட்டியே வேண்டாம் என்ற கட்சி. கணக்கைப் பாருங்கள்: ஒரு வீட்டுக்கு 30 வாட் புதுவகை மின்விசிறி மூன்று, எல்இடி விளக்கு ஆறு, சின்ன இன்வேட்டர் குளிர்சாதனப் பெட்டி, கைபேசிச் சார்ஜ் எல்லாம் சேர்ந்து நாளுக்கு இரண்டேகால் யூனிற் அளவில் முடியும். இரண்டு வீடும் தண்ணீர்ப் பம்பும் ஐந்து யூனிற். இரண்டு கிலோவாட் சூரியத் தகடும் ஐந்து யூனிற் பற்றறியும் போதும். ஒரு தொன் குளிரூட்டி ஒன்றை இரவு முழுக்க ஓடவிட்டால் அது தனியாகவே நாலு ஐந்து யூனிற்றைக் குடித்துவிடும், பிறகு மின்சார சபை இணைப்பில்தான் போய் நிற்க வேண்டும், தீவில் அந்த மின்சாரம் டீசல் எரித்து எடுப்பது. இந்திய நிதியுதவியோடு நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியனும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு 2024இல் ஒப்பந்தம் ஆனது. அது வந்தாலும் குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்குக் கஷ்டம் எதுவும் இல்லை. தகடுகளில் உப்புப் படியும், அதிகாலையில் ஈரத்துணியால் துடைத்தால் போதும், வாளி வாளியாக ஊற்றிக் கழுவாதீர்கள்.

மலசலகூடம் பற்றி வெட்கப்படாமல் பேச வேண்டும். அடியில்லாத குழி வெட்டி விட்டால் அது சுண்ணக்கல் வெடிப்பு வழியாக நேரே கிணற்றுக்குப் போகும், யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். அடியும் பக்கமும் பூசிய, தண்ணீர் கசியாத இரண்டு அறைத் தொட்டி கட்டி, அதிலிருந்து வழிவதை அடியில் தகடு விரித்த கல்வாழைப் பாத்திக்குள் விடுங்கள். கிணற்றிலிருந்து 50 அடி என்று சொல்வார்கள், இந்த நிலத்தில் முடிந்தால் இன்னும் தள்ளுங்கள். குளியல், குசினித் தண்ணீர் வாழைக்குப் போகட்டும், ஆனால் உப்புக் கூடிய சலவைத்தூள் மண்ணைக் கெடுக்கும், கட்டிச் சவர்க்காரமே நல்லது.

பருவத்துக்குப் பருவம்

தை பிறந்து பங்குனி வரை உள்ள காலம்தான் தீவு தன் முழு அழகில் இருக்கும் நேரம். புல் பச்சை, கிணறு நிறைவு, குதிரைகள் கொழுத்துத் திரியும், கடலும் அடங்கியிருக்கும். எல்லா வீட்டையும் திறந்து எல்லாக் கட்டிலையும் நிரப்பக்கூடிய ஒரே காலம் இது. மாசி பங்குனியில் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வரும், அந்த நாட்களில் படகுகள் அங்கே போய்விடும் என்பதால் வரவு போக்கை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். பனங்கிழங்கும் இந்தக் காலத்தில்தான், அவித்துக் காலைச் சாப்பாட்டோடு வைத்தால் வெள்ளைக்காரரும் விரும்பித் தின்பார்கள்.

சித்திரையில் வெயில் ஏறும், புதுவருட விடுமுறைக்குத் தெற்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒரு வீட்டுக்கு நாலு பேர் என்றால் நாலு பேர்தான், வானில் வந்த பன்னிரண்டு பேருக்குப் பாய் விரித்துக் கொடுக்கிற பழக்கம் தண்ணீர்க் கணக்கை ஒரே இரவில் குழப்பிவிடும்.

அப்புறம் சோழகம். இந்தத் தொழிலின் முழுச் சிக்கலும் இங்கேதான். ஆடி ஆவணியில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளி விடுமுறை, நல்லூர்த் திருவிழாவும் அதே காலத்தில், புலம்பெயர்ந்தவர்கள் பிள்ளைகளோடு ஊருக்கு வருவது அப்போதுதான். கேட்பவர்கள் மிகக் கூடவாகவும் தண்ணீர் மிகக் குறைவாகவும் கடல் மிகக் கோபமாகவும் இருக்கிற மாதங்கள் ஒன்றாகவே வருகின்றன. இதில் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் திறந்தால் மாரி வரை ஊருக்கே கஷ்டம். பாதியைத் திறவுங்கள். மூன்று வீடு இருந்தால் ஒன்றோ இரண்டோ. வாடகையைக் கூட்டுங்கள், குறைந்தது மூன்று இரவு என்று வையுங்கள், ஆட்கள் அடிக்கடி மாறினால் படுக்கை விரிப்பும் துவாயும் துவைத்தே தொட்டி வற்றும். வருமானம் பெரிதாகக் குறையாது, கிணறும் தப்பும். கொப்பியில் உப்பு ஏறுவது தெரிந்தால் வந்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தாவது ஆளைக் குறைத்துவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் பௌசரில் தண்ணீர் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நீங்கள் நினைக்கிற அந்தத் தண்ணீரும் பெரும்பாலும் இதே தீவின் ஏதோ ஒரு நல்ல கிணற்றிலிருந்துதான் வரும்.

அந்த மாதங்களில் ஆடுமாடும் குதிரையும் தண்ணீருக்கு அலையும். படலைக்கு வெளியே உவர்த் தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்து மாலையில் நிரப்பிவிடுங்கள், கொஞ்சம் உவரானாலும் அவை குடிக்கும். விருந்தாளிகள் குதிரைக்கு பிஸ்கற் கொடுப்பதையும் விரட்டிப் படம் எடுப்பதையும் மட்டும் முதல் நாளே சொல்லித் தடுத்துவிடுங்கள்.

சோழகத்தில் ஒரு வசதி, துணி ஒரு மணி நேரத்தில் காயும். மெல்லிய கைத்தறி விரிப்பு வாங்கினால் தண்ணீரும் குறையும். குளியலறையில் வாளியும் கோப்பையும் வையுங்கள், ஒரு வாளிக் குளியல் 25, 30 லீற்றரில் முடியும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஷவர் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஆறு லீற்றர் விடும் தலையைப் பூட்டி, சவர்க்காரம் போடும்போது நிறுத்த ஒரு பிடி வைத்துக் கொடுங்கள். பனம்பழம் விழும் காலமும் இதுவே, பனங்காய்ப் பணியாரம் சுட்டுத் தரும் வீடுகளுக்கு ஆட்களை அனுப்புங்கள், அது அவர்களுக்கு ஒரு வருமானம்.

புரட்டாசியில் பூட்டுங்கள். கூரை ஏறி ஓடு மாற்றுவது, பீலி துப்புரவாக்குவது, தாங்கியை உரஞ்சிக் கழுவுவது, சீமெந்து வெடிப்பைப் பூசுவது, கல்வாழைப் பாத்தியைக் களைவது, சூரியத் தகட்டின் ஆணிகளை இறுக்குவது எல்லாம் முதல் மழைக்கு முன் முடிய வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் நான் திறக்கச் சொல்ல மாட்டேன். புயல் காலம், 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். படகு நின்றால் நாள்கணக்கில் நிற்கும், விருந்தாளிக்கும் சலிப்பு, உங்களுக்கும் பொறுப்பு. மார்கழி நடுவில் நத்தாருக்கு வருபவர்களுக்காகத் திறக்கலாம், ஆனால் படகு ஓடாவிட்டால் கட்டணமில்லாமல் நாளை மாற்றித் தருவோம் என்று முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

குப்பை

குப்பைக்கு ஒரே விதி, படகில் வந்தது படகில் போக வேண்டும். சோற்று மிச்சமும் மரக்கறித் தோலும் உரக்குழிக்கு, மீன் முள்ளுக்குப் பூனைகள் உண்டு. தகரம், கண்ணாடி, பிளாஸ்ரிக் மூன்றையும் தனித்தனி உரப்பைகளில் சேர்த்து யாழ்ப்பாணத்தில் வாங்குகிறவரோடு ஒரு ஏற்பாடு செய்யுங்கள். எரிக்கவே கூடாது. 2023 ஒக்டோபர் முதல் பிளாஸ்ரிக் ஸ்ட்ரோ, தட்டு, கரண்டி எல்லாம் நாட்டிலேயே தடை, அதற்கு மேலே ஒரு படி போய் ஷாம்பூப் பொட்டலத்தையும் தண்ணீர்ப் போத்தலையும் வளவுக்குள் வரவிடாதீர்கள். மண்பானைத் தண்ணீரும் கட்டிச் சவர்க்காரமும் தேங்காயெண்ணெயும் இருந்தால் ஆட்கள் முகம் சுளிப்பதில்லை.

ஆட்கள் புறப்படுவதற்கு முன் நீங்கள் அனுப்ப வேண்டிய செய்தி சின்னதாக இருக்கட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு எப்படி வருவது, அன்றைய படகு எத்தனை மணிக்கு, கடற்பயணம் சுமார் ஒரு மணி நேரம், உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், வழக்கமான மருந்தை இரண்டு நாள் கூடுதலாகக் கொண்டுவாருங்கள், நுளம்பு வலை நாங்கள் தருவோம், போத்தல் ஒன்றைக் கையோடு எடுத்துவாருங்கள் நிரப்பித் தருவோம், கிணற்றுத் தண்ணீர் இந்த வாரம் இந்த அளவில் இருக்கிறது. கடைசி வரியைப் படித்துவிட்டு வருகிறவர் குழாயைத் திறந்துவிட்டுப் பல் விளக்க மாட்டார். தீவில் பிரதேச வைத்தியசாலை இருக்கிறது, கடுமையான நோயாளரைக் கடற்படைப் படகில் அக்கரைக்குக் கொண்டுபோவது வழக்கம், அந்தத் தொலைபேசி எண்களை ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும்.